ஸ்மாரோவை யாரும் எழுப்பவில்லை

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி பொலிக்செனியின் வீடு, இரண்டாம் மாடி என்னுடையது. பல வருடங்கள் எனக்குக் காலையில் கடிகாரமே தேவைப்படவில்லை. மேலேயிருந்து அவள் குரல் வரும்.

"ஸ்மாரோ, எழுந்திரு! ஸ்மாரோ, மறுபடி படுத்துட்டியா? ஷூ எங்கடி? ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்க? பையை மூடு, எல்லாம் கொட்டுது!"

பிறகு கதவு அடிபடும். படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் என் வாசலோடு நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. எதை மறந்தோம் என்று அந்தப் பெண் அங்கே நின்று யோசித்துக்கொண்டிருப்பாள். திரும்ப மேலே ஓடுவாள். அதற்குள் பொலிக்செனி அந்தப் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்பாள்.

ஸ்மாரோவின் முழுப்பெயர் ஸ்மராக்தா. அவளுடைய அப்பா அர்கீரிஸ், எங்கள் ஊர் கவாலாவுக்கும் எதிரே தாசோஸ் தீவிலுள்ள பிரினோஸ் துறைக்கும் நடுவே ஓடும் படகுக்கப்பலில் கயிறு கட்டுகிறவர். பொலிக்செனி எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். நான் அந்தூலா, நகரத் தண்ணீர் அலுவலகத்தில் வேலை. பிள்ளை குட்டி இல்லை. ஸ்மாரோ என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் முரட்டுப் பிள்ளை இல்லை. அதுதான் சிக்கல். வகுப்பில் மேசைமேல் ஏறிக் குதிக்கிற பையன்களைப் பற்றி டீச்சர்கள் பெற்றோரிடம் சொல்லிவிடுவார்கள். இவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் தொந்தரவு இல்லை. 'புத்திசாலி, ஆனால் அக்கறை கிடையாது' என்பார்கள் டீச்சர்கள். அர்கீரிஸ் அவளைச் சோம்பேறி என்பார். அவளும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ரொட்டி வாங்கப் போனால் மத்தியானம் திரும்பி வருவாள், ரொட்டி இல்லாமல். எங்கே போனாய் என்று கேட்டால், துறைமுகத்தில் ஒரு கிரேன் இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டு நின்றேன் என்பாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. பொய் சொல்வதற்கும் முதலில் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்திருக்க வேண்டுமே.

அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது என் வீட்டுக் கூரை ஒழுகியது. குளியல் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, அது நிறைவதற்குள் ஒரு டவல் எடுத்து வரலாமென்று அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே கட்டிலில் ஒரு புத்தகம் கிடந்திருக்கிறது. நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது என் சோபா மிதக்காத குறைதான். மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு அவளே கதவைத் திறந்தாள்.

"ஐயோ அத்தை," என்றாள். "நான் குளிக்கப் போய்ட்டு இருந்தேன்."

அன்றைக்குப் பொலிக்செனி அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தரையைத் துடைத்து முடித்துவிட்டு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "இது அக்கறை இல்லாததால வர்றது இல்ல அந்தூலா," என்றாள். "கூரைக்காக அவ என்னைவிட அதிகமா அழுதா. வேற என்னவோ இருக்கு."

பெருநகரமான தெசலோனிக்கியில் ஒரு பெண் மருத்துவரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு மூன்று முறை போய் வந்த பிறகு அந்த மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: ஏ.டி.எச்.டி. கவனம் இல்லாமல் இல்லை, அதை வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்க முடியவில்லை என்று விளக்கினாராம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"மூளைக்கு மாத்திரையா?" என்றார் அர்கீரிஸ். "கப்பல்ல நாங்க இருபது பேரு இருக்கோம், அதுல பாதிப் பேருக்குத் தொப்பி எங்க வெச்சோம்னு தெரியாது. எல்லாருக்கும் மாத்திரை குடுக்கலாமா?"

"குடுக்கலாம்," என்றாள் பொலிக்செனி. "உன்கிட்ட இருந்தே ஆரம்பிக்கலாம்."

மாத்திரை வேலை செய்தது. ஸ்மாரோ என்னிடம் சொன்னாள்: "பக்கத்து வீட்டுல பல வருஷமா ஓடிட்டு இருந்த ரேடியோவை யாரோ அணைச்ச மாதிரி இருக்கு அத்தை." சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டேன். "அமைதியா இருக்கு. ஆனா அந்த ரேடியோல சில சமயம் பாட்டும் வரும், அதுவும் நின்னுபோச்சு." அதை வருத்தமாகச் சொல்லவில்லை. இன்று மழை இல்லை என்பதுபோலச் சொன்னாள். அந்த வருடத்திலிருந்து அவளுடைய குரலே அப்படி ஆகிவிட்டது. மதிப்பெண் கூடியது, சிரிப்பு குறைந்தது. வீட்டில் எல்லோரும் மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள். நானும்தான்.

பள்ளியின் கடைசி வருடம் தொடங்கியது. இங்கே அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், கோடையின் தொடக்கத்தில் நாடு முழுவதற்குமான பெரிய தேர்வு. அந்தத் தேர்வில் வாங்குகிற மதிப்பெண்தான் பிள்ளை எந்த ஊரில், எந்தத் துறையில் படிக்கும் என்று முடிவு செய்யும். கவாலாவில் பாஸாகிற பிள்ளைகள் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போய்விடும். ஒரு அறை வாடகைக்குப் பிடித்து, அம்மா கொடுத்தனுப்பும் டப்பாக்களைச் சூடாக்கித் தின்று, தானாக வாழக் கற்றுக்கொள்ளும்.

அந்த இலையுதிர் காலத்தில் மருத்துவர் பொலிக்செனியிடம் கேட்டாராம்: "அடுத்த வருஷம் இவள் தனியாக இருக்கப்போகிறாள். இவளுடைய ஞாபகமெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது. அதை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்பப் போகிறீர்கள்?" ஒவ்வொரு வேலையாக, மெதுவாக மகளிடம் ஒப்படைக்கச் சொன்னார். முதலில் எழுந்திருப்பது. அது பழகிய பிறகு மாத்திரை. பிறகு துணி.

மெதுவாகச் செய்வது பொலிக்செனிக்கு வராது. அவள் முடி வெட்டினாலும் அப்படித்தான், நுனி மட்டும் என்று கேட்டுப்போனவர்கள் கழுத்து தெரிய வருவார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னாள்:

"திங்கக்கிழமையிலிருந்து நான் உன்னை எழுப்ப மாட்டேன். சாவி, ஷூ, மாத்திரை, டியூஷன் எதையும் ஞாபகப்படுத்த மாட்டேன். செத்துப்போயிட்டேன்னு வெச்சுக்கோ."

"சரிம்மா," என்றாள் ஸ்மாரோ.

திங்கட்கிழமை காலை மேலேயிருந்து சத்தமே வரவில்லை. நானும் தூங்கிப்போய் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். மத்தியானம் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். பொலிக்செனி ஒரு கிழவிக்குச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"எழுந்தாளா?"

"இன்னும் இல்ல."

"மணி என்னன்னு தெரியுமா?"

"தெரியும். எனக்குத் தெரியும்ங்கறதுதானே பிரச்சினை?"

அந்த வாரம் ஸ்மாரோ பாதி நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. போன நாட்களிலும் மூன்றாம் மணி அடித்த பிறகு போனாள். ஒருநாள் வெவ்வேறு ஜோடியின் ஷூக்களைப் போட்டுக்கொண்டு போனாள். தெருவில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். சொந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிட்டாள், கடையில் அடுத்தவள் முடியைத்தான் பார்க்கிறாள், பெற்ற பெண்ணைப் பார்ப்பதில்லை என்றார்கள். கடைக்கு வருகிறவர்களே கடை வாசலில் நின்று அப்படிச் சொன்னார்கள். பொலிக்செனி அவர்களுக்கும் முடி வெட்டி அனுப்பினாள். அந்த நாட்களில் அவள் காலையில் சமையலறை நாற்காலியில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், எழுந்துபோய் மகளை உலுக்கிவிடாமல் இருக்க. எனக்கு இதைப் பின்னால்தான் சொன்னாள்.

ஸ்மாரோ மெல்ல மெல்லச் சில ஏற்பாடுகள் செய்துகொண்டாள். ஒரு பழைய அலாரத்தை அலுமினியத் தட்டில் வைத்து அலமாரி உச்சியில் ஏற்றினாள். அது அடித்தால் நாற்காலி போட்டு ஏறித்தான் நிறுத்த வேண்டும். ஏறிய பிறகு தூக்கம் வராது. அந்தச் சத்தத்தில் நானும் எழுந்துகொண்டேன். மாத்திரை டப்பாவை, காலையில் தவறாமல் திறக்கிற காபிப் பொடி டின்னுக்குள் புதைத்துவைத்தாள். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "பெரிய பொண்ணு, கழுத்துல மணி கட்டின ஆடு மாதிரி," என்று டியூஷனில் ஒருத்தன் கேலி செய்தானாம். "ஆடு வீட்டுக்குப் போய்ச் சேந்துடும்டா," என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்க மட்டும் முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் கை தானாகப் போனுக்குப் போகும், போனை ஒளித்துவைத்தால் கண் சன்னலுக்குப் போகும். தற்செயலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மறந்துவிட்டுப் போன சட்டையைக் கொடுக்கக் கப்பலுக்குப் போனாள். இறங்குவதற்குள் கப்பலின் கதவைத் தூக்கிவிட்டார்கள். கையில் வரலாற்றுப் புத்தகம் இருந்தது. பிரினோஸ் போய்ச் சேருவதற்குள் இரண்டு பாடங்கள் படித்துவிட்டாள். திரும்பி வரும்போது இன்னொன்று. நடுக்கடலில் போனும் சரியாக எடுப்பதில்லை, எழுந்து போகவும் இடமில்லை, எஞ்சின் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருக்கிறது. அதன்பிறகு வாரக்கடைசியில் காலையிலேயே ஏறிவிடுவாள். குளிர்காலத்தில் கப்பல் பாதி காலிதான். மாடி அறையில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தாசோஸுக்குப் போவதும் வருவதுமாக இருப்பாள்.

"ஏன்டா உன் பொண்ணு எங்கேயும் இறங்க மாட்டேங்கிறா?" என்று மாலுமிகள் அர்கீரிஸைக் கேட்பார்கள்.

"படிக்கிறா," என்பார் அவர். அந்தச் சொல்லை அவர் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

அடுத்த சண்டை வாய்மொழித் தேர்வைப் பற்றி. இந்த மாதிரிப் பிரச்சினை உள்ள பிள்ளைகள் பெரிய தேர்வில் எழுதியதை ஆசிரியர்கள் முன்னால் வாயால் சொல்லிக் காட்டலாம். தேர்வு வேறொரு பள்ளிக்கூடத்தில், தனியாக நடக்கும். மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார். அர்கீரிஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

"நொண்டிப் பிள்ளைங்க வரிசைல என் பொண்ணு நிக்கணுமா? ஊரே பாக்கும்."

"ஊரு அவளுக்குப் பரீட்சை எழுதித் தருமா?" என்றாள் பொலிக்செனி. "கண்ணாடி போட்டவன் கண்ணாடியோட எழுதறான். அவ வாயோட எழுதட்டும்."

ஸ்மாரோவைக் கேட்டபோது, "எது வேணும்னாலும் சரி," என்றாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, மறுப்பு என்றும் இல்லை. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். என்ன படிக்க ஆசை என்று கேட்டாலும் அதே பதில். கடைசியில் பொலிக்செனி சொன்னபடி நடந்தது.

முதல் தேர்வுக்கு அர்கீரிஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். அந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது, எங்கள் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஊரின் மறுகோடி. இரண்டாவதுக்கும் அவரே. ஸ்மாரோ இரண்டையும் நன்றாகச் செய்தாள். எழுதியதில் பாதிதான் புரியும்படி இருந்ததாம். ஆனால் வாயால் சொல்லும்போது ஒரு ஆசிரியர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாராம்.

மூன்றாவது வரலாறு. கப்பலில் அவள் படித்த பாடம். அன்று அர்கீரிஸுக்கு வேலை. பொலிக்செனிக்குக் காலையிலேயே ஒரு மணப்பெண் வருவதாக இருந்தது. ஸ்மாரோ அலாரம் அடித்ததும் எழுந்தாள், மாத்திரை போட்டாள், பேனா, அடையாள அட்டை, தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டாள். படியில் என்னைப் பார்த்து, "எல்லாம் இருக்கு அத்தை," என்று பையைத் தட்டிக் காட்டினாள். நான் நல்லபடியாகச் செய் என்றேன்.

கால்கள் அவளைத் தினமும் போகிற பள்ளிக்கே கொண்டுபோயின. அங்கே சுவர்மேல் அவளுடைய தோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேர்வு அங்கேதான். இவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாரோ எள் வளையம், எள் தூவிச் சுட்ட வளைய ரொட்டி, வாங்கி வந்திருந்தார்கள், பிய்த்துத் தின்றார்கள். எந்தப் போர் வரும், எந்த ஒப்பந்தம் வரும் என்று பேசினார்கள். எல்லாம் தெரிந்த கேள்விகள். மனசு லேசாக இருந்தது என்றாள். கதவு திறந்தது. எல்லோரோடும் இவளும் போனாள். வாசலில் பட்டியலைப் பார்த்த காவலாளி, "உன் பேரு இங்க இல்லையேம்மா," என்றார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஓடினாள். டாக்ஸி பிடிக்கலாம் என்றோ யாரையாவது கூப்பிடலாம் என்றோ தோன்றவில்லை. அவள் மேட்டுப் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது வினாத்தாள் கொடுத்தாகிவிட்டது. கதவருகே இருந்த அம்மாள் நல்லவர். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஆனால் உள்ளே விடவில்லை.

"கேள்வி வெளிய வந்தாச்சு கண்ணு. என்னால முடியாது. எனக்கே கஷ்டமா இருக்கு."

"பரவாயில்ல," என்றாள் ஸ்மாரோ. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

நேராகத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறினாள். மாடி அறையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அர்கீரிஸ் கார்களை ஏற்றிக்கொண்டிருந்தவர் அவளைக் கவனிக்கவில்லை. கப்பல் பிரினோஸை நெருங்கும்போதுதான் மேலே வந்தார், பார்த்தார்.

"பரீட்சை?"

"வேற ஸ்கூலுக்குப் போயிட்டேன்ப்பா."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு பாடம் போனால் சராசரி அடிமட்டத்துக்குக் கீழே போய்விடும். மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வருடம் பல்கலைக்கழகம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். கயிறு போடக் கீழே கூப்பிட்டார்கள். போனார், கட்டினார், திரும்பி வந்தார். மகளுக்கு எதிரே உட்கார்ந்து, "ஏதாவது சாப்ட்டியா?" என்றார். அவள் அரை எள் வளையம் என்றாள். சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவள் முழுவதையும் தின்றாள். "அழறியாம்மா?" என்று கேட்டாராம். "இல்லப்பா. அழணும்னு தெரியுது. வரல."

அன்றைக்கு நான் பொலிக்செனியின் கடையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணப்பெண் போய்விட்டாள். பொலிக்செனி வேறொருத்திக்கு நெற்றி முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அர்கீரிஸிடமிருந்து போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு கேட்டாள். "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். போனை மேசைமேல் வைத்துவிட்டு நெற்றி முடியை வெட்டி முடித்தாள். ஒரு முடிகூடக் கோணவில்லை. அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு பொலிக்செனி என் பின்னால் வந்து நின்றாள். சாயத்தைக் கழுவவேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்லத் துணிவில்லை.

"ஸ்மாரோ ஸ்கூல் மாறிப் போயிட்டா," என்றாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "காலைல கதவைத் திறந்துட்டுப் போறதைப் பாத்தேன். 'மேட்டு ஸ்கூல்'னு ரெண்டு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

என் தலை அந்தக் கோடை முழுவதும் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

மாலையில் அர்கீரிஸ் கத்தியது நாலு தெருவுக்குக் கேட்டது. "பிடிவாதம்! உன் பிடிவாதம் அவ ஒரு வருஷத்தைத் தின்னுடுச்சு! வாயத் திறந்து சொன்னா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"நாளைக்கு நான் செத்தா யாரு சொல்லுவா? நீயா? நீ கப்பல்ல இருப்பே!"

"நீ இன்னும் சாகலையே, அதுக்குள்ள ஏன் செத்த மாதிரி நடிக்கிறே?"

அதற்குப் பொலிக்செனி பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஸ்மாரோவின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது: "ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான்தான் போனேன். என் கால்லதான் போனேன்."

நான்காவது தேர்வு லத்தீன். எழுதினாலும் பயன் இல்லை. ஆனாலும் போனாள், சரியான பள்ளிக்கு, தனியாக. ஏன் என்று கேட்டேன். "வீட்ல என்ன பண்றது?" என்றாள். அதில் மிக நல்ல மதிப்பெண். யாருக்கும் அது உதவவில்லை.

அந்தக் கோடையில் அவள் நிறையத் தூங்கினாள். கடலுக்குப் போகலாம் வா என்று தோழிகள் கூப்பிட்டால் போவாள், தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். தோழிகள் ஒவ்வொருத்தியாகப் பெட்டி கட்டி வெளியூர் போனார்கள். வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போய் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பொறாமையா என்று கேட்டதற்கு, "பொறாமை வந்தாக்கூட நல்லாத்தான் இருக்கும் அத்தை," என்றாள். இதைப் பொலிக்செனியிடம் சொன்னேன். அவள் மருத்துவருக்குப் போன் செய்தாள். மாத்திரை அதிகமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். அளவைக் குறைத்தார்கள், பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை.

கப்பலின் சிற்றுண்டிச் சாலையில் ஒரு பெண் பிரசவத்துக்குப் போனபோது, அர்கீரிஸ் மகளை அங்கே சேர்த்துவிட்டார். அங்கே அவள் நன்றாக வேலை செய்தாள் என்பது எல்லோருக்கும் ஆச்சரியம். ஒரே நேரத்தில் ஆறு பேர் ஐஸ் காபி கேட்பார்கள், டோஸ்ட் கருகப்போகும், ஒரு குழந்தை வாந்தி எடுக்கும். எல்லாம் கண்முன்னால் இப்போதே நடக்கிறது. நாளைக்கு என்று எதையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. கூட்டம் அதிகமாக அதிகமாக அவள் கை தெளிவாக ஓடும். கூட்டம் இல்லாதபோதுதான் தடுமாறுவாள். ஒருமுறை காலிக் கப்பலில் காபி இயந்திரத்தைத் திறந்துவிட்டுத் தரை முழுவதும் கொட்டவிட்டாள். "எங்க அத்தையோட கூரையையே பாத்தாச்சு, இது என்ன," என்று சொல்லிக்கொண்டே துடைத்தாளாம்.

குளிர் ஆரம்பித்த ஒரு மாலை என் கதவைத் தட்டினாள். கையில் புத்தகங்கள்.

"அத்தை, உன் மேசைல உக்காரலாமா? மறுபடி எழுதப்போறேன்."

"படிக்க நான் என்ன உதவி பண்ண முடியும்? எனக்கு லத்தீன் தெரியாதே."

"எதுவும் பண்ண வேணாம். பேசவும் வேணாம். நீ பாட்டுக்கு இஸ்திரி போடு. யாராவது பக்கத்துல வேற வேலை பாத்துட்டு இருந்தா என்னால உக்கார முடியுது. கப்பல்ல அப்பா கீழ இருக்காருன்னு தெரிஞ்சதால முடிஞ்சுச்சு போல."

"உங்கம்மா இருக்காளே?"

"அம்மா வேற வேலை பாக்க மாட்டா. என்னைத்தான் பாப்பா."

அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டில் இஸ்திரி போடாத துணி ஒன்றும் மிஞ்சவில்லை. படுக்கை விரிப்பு, பாத்திரம் துடைக்கும் துணி, கடைசியில் அர்கீரிஸின் வேலை உடுப்பு வரைக்கும் போட்டேன். கப்பலில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தார்களாம். ஸ்மாரோ சில நாட்கள் நன்றாகப் படிப்பாள், சில நாட்கள் ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்கு வரல அத்தை," என்று மூடிவைத்துப் போய்விடுவாள். தன்னைத்தானே திட்டிக்கொள்வதை நிறுத்தியிருந்தாள். வேறு ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

பொலிக்செனியும் கொஞ்சம் மாறினாள். எழுப்பவில்லை, ஆனால் மகள் கேட்டால் சொல்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் தேர்வுக்கு முந்தின நாள் ஸ்மாரோ தானே கேட்டாள்: "அம்மா, நாளைக்கு எந்த ஸ்கூல்?" பொலிக்செனி தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். எனக்கே கேட்டது.

நான்கு தேர்வும் எழுதினாள். மதிப்பெண் பிரமாதம் என்று சொல்ல முடியாது. வரலாற்றில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மலைப்பக்கத்து ஊரான ஃபுளோரினாவில் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பில் இடம் கிடைத்தது. விருப்பப் பட்டியலில் அதை ஏன் போட்டாய் என்று அர்கீரிஸ் கேட்டார்.

"நாலு வயசுப் பசங்களுக்கும் ஷூ எங்க இருக்குன்னு தெரியாதுப்பா. எங்களுக்குள்ள ஒத்துப்போகும்."

முடிவு வந்த நேரம் அவள் கப்பலில் டோஸ்ட் போட்டுக்கொண்டிருந்தாள். மாலுமிகள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள், கப்பலின் சங்கை ஊதினார்கள். வீட்டில் பொலிக்செனி அழுதாள், நான் அழுதேன், அர்கீரிஸ் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்மாரோ எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு மாடிப்படியில் என்னிடம், "எல்லாரும் கட்டிப்பிடிச்சாங்க. நான் எங்கேயோ தள்ளி நின்னு பாத்துட்டு இருந்தேன் அத்தை. இது தப்பா?" என்றாள்.

"தெரியலடி," என்றேன். எனக்கு உண்மையில் தெரியவில்லை.

போன மாசி மாதம் பொலிக்செனியும் நானும் ஃபுளோரினாவுக்குப் போனோம். பனி முழங்கால் வரை கிடந்தது. கலியோப்பி என்ற கொசானி ஊர்ப் பெண்ணோடு சேர்ந்து ஸ்மாரோ ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். கலியோப்பி கம்பளி பின்னுவாள், இவள் எதிரே உட்கார்ந்து படிப்பாள். அதற்குக் கூலியாக இவள் இரண்டு பேருக்கும் சமைக்கிறாள். ஒருமுறை பில் கட்ட மறந்து மின்சாரம் போய்விட்டதாம். இரண்டு நாள் மெழுகுவர்த்தி. அதற்குப் பிறகு வங்கியிலிருந்தே தானாகப் போகும்படி செய்துவிட்டாள். முதல் பருவத்தில் இரண்டு பாடம் போய்விட்டது, செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். இதையெல்லாம் அவளே சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை. வீடு பெரிய ஒழுங்கில்லை. நாற்காலி ஒவ்வொன்றிலும் துணி. பீன்ஸ் சூப் வைத்திருந்தாள், உப்புக் கொஞ்சம் கூடுதல். பொலிக்செனி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்லா இருக்கியாடி?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"பரவாயில்ல அத்தை. சில நாள் நல்லாவும் இருக்கு. போன வாரம் பனி பெஞ்சப்போ கலியோப்பி வழுக்கி விழுந்தா, நான் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுச்சு. அவளுக்குக் கோபம்."

பஸ்ஸில் பொலிக்செனி சன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் மறைகிறவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தோணல அந்தூலா," என்றாள். "பயம் வரும்னு நெனச்சேன். இல்லன்னா சந்தோஷம். ரெண்டும் இல்ல. பதினெட்டு வருஷம் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு இருந்துட்டு, இப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"கொஞ்சம் தூங்கு," என்றேன்.

தலையை என் தோளில் சாய்த்தாள். வழியில் எதெஸாவில் பஸ் நின்றபோது ஓட்டுநர் காபிக்கு இறங்கச் சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். பொலிக்செனி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தோள் மரத்துப்போயிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.